கொழுந்தை நாடி வந்த கொப்புள நோய்

தலவாக்கலையைக் கடந்து நானுஓயா நோக்கி ஏறும் புகையிரதப் பாதையில் உள்ளது வட்டகொடை. இம்மலைச்சரிவுகளில் தேயிலை பரவ வழிவிட்டதே ஒரு நோய்தான். 1869ஆம் ஆண்டு இலங்கையில் காணப்பட்ட இலைத்துரு, ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் கோப்பிச் செய்கையைச் சீரழித்தது. ஆதலால், 1946இல் தேயிலையையும் ஒரு பூஞ்சண நோய் பற்றியபோது மலைநாட்டில் அச்சம் எழுந்ததில் வியப்பில்லை.

அஸ்ஸாமில் 1868ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டிருந்த கொப்புள நோய் அது. முற்றிய இலையை அது தீண்டாது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் கை எதை நாடுமோ, அதையே அதுவும் நாடும்! காற்றில் மிதந்து வரும் நுண்வித்து ஈரத் தளிரில் படிந்து முளைவிடும். மெல்லிய இழையொன்று மேற்றோலைத் துளைத்து உட்புகும். அவ்விழை கிளைத்து, உயிரணுக்களின் இடையே படர்ந்து உணவை உறிஞ்சும். சுமார் பத்து நாட்களில் ஒளி ஊடுருவும் சிறு புள்ளி தோன்றும். பின்னர் மேற்புறம் குழிந்து, அடிப்புறம் கொப்புளமாய்ப் புடைத்து வெண்மை பூக்கும். அவ்வெண்மையிலிருந்தே புதிய வித்துக்கள் கிளம்பும். வெயில் அவற்றைக் கொல்லும். தென்மேற்குப் பருவத்தின் மழையும் மூடுபனியுமோ காத்து வளர்க்கும். கவ்வாத்துக்குப்பின் துளிர்க்கும் செடிகளுக்கே பேராபத்து.

1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், தலவாக்கலையின் சென்கூம்ஸ் தோட்டத்தில் அமைந்திருந்தது நற்பேறே. செம்பு மருந்து தெளித்தல், நிழல்மரங்களைக் குறைத்தல், கவ்வாத்துக் காலத்தை மாற்றுதல் ஆகியன கைக்கொள்ளப்பட்டன. கோப்பிக்கு நேர்ந்த கதி தேயிலைக்கு நேரவில்லை. எனினும் நோய் ஒழிந்துவிடவில்லை. மழைக்காலந்தோறும் மருந்துக் கருவியை முதுகில் சுமந்து தொழிலாளர் மலையேற வேண்டியதாயிற்று.