பெர்லின் நகரத்து வாழைப்பழக் கோட்டை

ஜெர்மானியத் தலைநகராகிய பெர்லினில், ஃபிரீட்ரிஷ் தெரு இரயில் நிலையத்திற்குச் சற்றுத் தொலைவில், சாம்பல் நிறமும் சதுர வடிவமுமாக ஒரு காங்கிரீட் கட்டடம் நிற்கின்றது. பதுங்கிடம் என்றவுடன் நிலத்தைத் தோண்டிய குழியையே நாம் எண்ணுகின்றோம். இதுவோ நிலத்தின்மேல் ஐந்து தளங்களாக எழுந்தது. உலகப்போரின் நடுவே, 1942-ஆம் ஆண்டையொட்டி, ஆல்பெர்ட் ஷ்பேரின் திட்டத்தின் கீழ்க் கார்ல் போனாட்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் இதனை வகுத்தார். விமானங்கள் குண்டு வீசும் வேளையில் இரயில் பயணிகள் வந்து ஒதுங்குவதற்கென அமைந்தது இது. கூரையின் கனம் 3 மீட்டர். சுவர்களின் கனம் ஏறத்தாழ 2 மீட்டர். உள்ளே 120 சிற்றறைகள். கூட்டம் நெரியாது விரைந்து ஏறும்பொருட்டு, ஒன்றையொன்று சந்திக்காமல் பின்னிச் செல்லும் இரட்டைப் படிக்கட்டுகளை அமைத்தனர். உயிர்காக்க இத்துணை நுட்பமாக வகுத்த கட்டடத்தை எழுப்பிய கைகள் யாருடையவை? கட்டாய உழைப்பாளருடையவை. அத்தகையோர்க்கு ஜெர்மானியப் பதுங்கிடங்களில் புகும் உரிமை பொதுவாக இருந்ததில்லை என்பதையும் நேயர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

1945-இல் செஞ்சேனை நகரைக் கைப்பற்றியபின் இது போர்க் கைதிகளின் சிறையாயிற்று. பின்னர்த் துணிக் கிடங்கு. 1957 முதல், கியூபா போன்ற நாடுகளிலிருந்து வந்த பழங்களைச் சேமிக்கும் பண்டகசாலை. தடித்த சுவர்கள் வெப்பத்தை ஒரு சீராக வைத்திருந்தமையால் பழங்கள் கெடாதிருந்தன. கடையில் வாழைப்பழம் கிடைப்பது அரிதாயிருந்த கிழக்கு பெர்லின் மக்கள் இதற்கு ‘வாழைப்பழப் பதுங்கிடம்’ என்று பெயரிட்டது வியப்பன்று! ஜெர்மனி ஒன்றுபட்டபின், 1992 முதல் 1996 வரை இங்கே இளைஞர்கள் இரவு முழுவதும் இயந்திர இசைக்கு ஆடினர்.

2003-இல் கிறிஸ்தியான் போரொஸ் என்னும் விளம்பரத் தொழிலதிபர் தம் தற்காலக் கலைத் தொகுப்பை வைப்பதற்காக இதனை விலைக்கு வாங்கினார். வைர முனை கொண்ட வாள்களால் காங்கிரீட்டை அறுத்துச் சுவர்களையும் தளங்களையும் திறந்தனர். 120 அறைகள் 80 ஆயின. கூரைமேல் தமக்கு ஓர் இல்லமும் கட்டிக்கொண்டார். 2008 முதல் பொதுமக்கள் முன்பதிவு செய்துகொண்டு, சிறு குழுக்களாக, வழிகாட்டியுடன் உள்ளே சென்று வருகின்றனர்.

அரசாங்கம் நினைவகமாக்கியிருக்கவேண்டிய இடத்தைச் செல்வர் ஒருவரின் மாளிகையாக விடலாமா என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும் நினைவகமாகியிருந்தால் போர்க்காலம் ஒன்றையே நிறுத்தி, மற்றவற்றைச் சுண்ணாம்பு பூசி மறைத்திருப்பர் என்பது என் கருத்து. இங்கோ, ஆடற்காலத்துக் கரிய வண்ணமும் சுவர்க் கிறுக்கல்களும் ஓவியங்களுக்கு அருகிலேயே விடப்பட்டுள்ளன. கலையைக் காணச் செல்வோர் அந்தக் கட்டாய உழைப்பாளரைப் பற்றி ஒரு சொல்லேனும் கேளாது திரும்புவாராயின், அது மட்டும் பொறுத்தற்கரிய குறை.

காட்சிப்பொருள்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படுகின்றன. 2012-இல் தொடங்கிய இரண்டாம் காட்சியில், சீனக் கலைஞர் ஐ வெய்வெய், பட்ட மரங்களின் துண்டுகளை இணைத்து எழுப்பிய பெருமரம் ஒன்று, அறுத்துத் திறந்த தளங்களினூடே நின்றது. அதே காட்சியில் மிகாயேல் சைல்ஸ்டோர்ஃபர் என்னும் ஜெர்மானியக் கலைஞரின் இயந்திரம் ஓயாது சோளத்தைப் பொரித்துத் தரையில் கொட்டிக்கொண்டிருந்தது. பழக்கூடைகள் அடுக்கியிருந்த அதே கட்டடத்தில், பொரியின் மணம் கமழ்ந்தது.