ஆயாவின் இரண்டு மூக்குத்திகள்

பிள்ளைச்சாவடியில் கடலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு. சுவரில் மாலை போட்ட இரண்டு கறுப்பு-வெள்ளைப் படங்கள். தாத்தாவின் படத்தில் மீசை முடியை எண்ணலாம். ஆயாவின் படமோ மணலைத் தூவியதுபோல் இருந்தது. கண், மூக்கு, பொட்டு எல்லாம் யாரோ தூரிகையால் போட்டவை.

"ஆயா அசைஞ்சிடுச்சாம், அதான் இப்படி" என்றாள் பேத்தி.

வீட்டில் டிரங்குப் பெட்டியில் மூலப்படம் இருந்தது. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் வந்தபிறகு வடக்கே மணல் வரத்து குறைந்து, இந்தக் கரையில் எத்தனையோ வீடுகளைக் கடல் கொண்டுபோனது. பெட்டி தப்பியதே பெரிது. அது ஒரு குடும்பப் படம். தாத்தா முன்னால் நாற்காலியில். ஆயா பின்வரிசை ஓரத்தில். அசைந்திருந்தால் உருவம் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கும். இது அப்படியில்லை, எல்லாப் பக்கமும் சீராகக் கலங்கியிருந்தது. வெளிச்சம் குறைந்த ஸ்டுடியோவில் லென்ஸை அகலத் திறந்தால், ஃபோகஸ் வைத்த இடத்துக்கு முன்னும் பின்னும் கொஞ்ச தூரம்தான் கூர்மை நிற்கும். ஃபோகஸை நாற்காலிக்கு வைத்திருந்தார்கள். பழி மட்டும் ஆயாவுக்கு.

கிரெயின் வந்த வழி வேறு. ஃபிலிமில் படமாக நிற்பது வெள்ளித் துகள்கள். அளவாகப் பிரதி எடுத்தால் அவை கண்ணுக்குப் படாது. 120 ரோலின் சதுர நெகட்டிவ் 6 சென்டிமீட்டர். பத்துப் பேர் நிற்கும் படத்தில் ஒரு முகத்துக்குக் கிடைப்பது 3, 4 மில்லிமீட்டர். அதைச் சுவரில் மாட்டும் அளவுக்கு 30 மடங்கு பெரிதாக்கினால் துகள்தான் தெரியும், முகம் தெரியாது. நெகட்டிவ் இல்லாமல் பிரிண்டையே மறுபடி படமெடுத்திருந்தால் காகிதத்தின் சொரசொரப்பும் சேர்ந்துகொள்ளும். அப்புறம் டச்சிங்.

ஏன் அவ்வளவு பெரிதாக்க வேண்டும்? ஆயாவுக்குத் தனிப்படம் கிடையாது. தாத்தாவுக்குச் சங்க அட்டைக்காக எடுத்தது இருந்தது. புகைப்படத்தோடு வாக்காளர் அட்டை 1993இல்தான் அறிவிக்கப்பட்டது. ஆயா அதற்கு முன்பே போய்விட்டார். இறந்தபிறகுதான் அந்தக் கும்பலிலிருந்து அவர் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தார்கள்.

இங்கிருந்து தெற்கே சில கிலோமீட்டரில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். 1955இல் தொடங்கி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பு-வெள்ளைப் படங்களைச் சேர்த்தது. பெரும்பாலும் தென்னிந்தியக் கோயில்கள், சிற்பங்கள். கல் அம்மனுக்கு ஊர்ப்பெயரோடு தனி நெகட்டிவ் உண்டு. குறையாகச் சொல்லவில்லை, அவர்கள் தேடியது சிற்பத்தை. பிற்காலத்தில் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களை மின்படியாக்கியதும் அதே நிறுவனம்தான்.

மூலப்படத்தைப் பெரிதாக்காமல், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தோம். ஃபோகஸ் தவறினாலும் ஒளிப்புள்ளி மறைந்துவிடாது. சின்ன வட்டமாக விரியும். ஆயாவின் மூக்கின் இரு பக்கமும் அப்படி ஒவ்வொரு வட்டம். சுவரிலிருந்த படத்தில் தூரிகைக்காரர் ஒரு மூக்குத்திதான் போட்டிருந்தார்.

"ரெண்டா? எங்கம்மாகூட சொன்னதில்லையே" என்று பேத்தி கண்ணாடியை வாங்கிக்கொண்டாள்.