ஒரு கொலை, ஓர் ஒப்பந்தம், ஒரே ஒரு நாடு

1934, அக்டோபர் 9. பிரான்ஸ் நாட்டின் மார்சேய் துறைமுகம். யுகோஸ்லாவியா மன்னர் அலெக்சாண்டர் அரசுமுறைப் பயணமாகக் கப்பலில் வந்து இறங்குகிறார். வரவேற்க வந்த பிரெஞ்சு வெளியுறவு மந்திரி லூயி பார்தூவுடன் திறந்த காரில் ஊர்வலம். சாலையின் இரண்டு பக்கமும் ஜனங்கள். கார் மெல்ல ஊர்கிறது.

கூட்டத்திலிருந்து ஒருவன் பாய்ந்து வந்தான். காரின் படியில் ஏறினான். சுட்டான். மன்னர் காலி. கலவரத்தில் குண்டடிபட்ட பார்தூவும் ரத்தம் வடிந்தே இறந்துபோனார். அவர்மீது பாய்ந்தது கொலையாளியின் குண்டு இல்லை, பிரெஞ்சு போலீஸின் குண்டு என்பது பல வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தது.

நியூஸ்ரீல் கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு மன்னரின் படுகொலையை உலகம் தியேட்டரில் உட்கார்ந்து பார்த்தது.

கொலையாளியும் அங்கேயே அடிபட்டுச் செத்தான். ஆனால் கதை அவனோடு முடியவில்லை. அவன் பல்கேரியக்காரன். அனுப்பியவர்கள் குரோஷியத் தீவிரவாதிகள். பயிற்சி முகாம் ஹங்கேரியில். தலைவர் அன்டே பாவெலிச் இருந்தது இத்தாலியில். பாஸ்போர்ட் போலி. கொலை நடந்தது பிரான்ஸில். இப்போது சொல்லுங்கள், இது எந்த நாட்டுக் கேஸ்?

‘பாவெலிச்சை எங்களிடம் ஒப்படையுங்கள்’ என்று பிரான்ஸ் கேட்டது. டூரின் நகர நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. இது அரசியல் குற்றம், அரசியல் குற்றவாளியை ஒப்படைக்கிற வழக்கம் இல்லை என்றது. நிஜக் காரணம் வேறு. இத்தாலியை ஆண்டவர் முசோலினி. யுகோஸ்லாவியாவை உடைக்க அவருக்கு ஆள் வேண்டியிருந்தது. பிரான்ஸ் என்ன செய்யும்? பிடிபட்ட மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. பாவெலிச்சுக்கு, ஆள் இல்லாமலே மரண தண்டனை விதித்துவிட்டு உட்கார்ந்திருந்தது.

விவகாரம் ஜெனீவாவில் இருந்த சர்வதேச சங்கத்துக்குப் போனது. ஐ.நா.வுக்கு முந்தைய சபை அது. மூன்று வருஷம் பேசினார்கள். 1937 நவம்பரில் ஓர் ஒப்பந்தம் தயார். பயங்கரவாதத்தைத் தடுக்கவும் தண்டிக்கவும் உலக நாடுகள் சேர்ந்து எழுதிய முதல் ஒப்பந்தம். அடுத்த நாட்டில் குற்றம் செய்துவிட்டு உங்கள் நாட்டில் ஒளிந்திருப்பவனை ஒப்படையுங்கள், முடியாது என்றால் நீங்களே விசாரியுங்கள். போலி பாஸ்போர்ட்டை ஒழியுங்கள். போலீஸ்கள் தகவல் பரிமாறிக்கொள்ளுங்கள். இன்றைக்குப் படித்தாலும் பழசாகத் தெரியாது. கூடவே, விசாரிக்க ஒரு சர்வதேச நீதிமன்றம் அமைக்கத் தனியாக ஓர் ஒப்பந்தம்.

24 நாடுகள் கையெழுத்துப் போட்டன. ஆனால் கையெழுத்து என்பது நிச்சயதார்த்தம் மாதிரி. ஊருக்குத் திரும்பி, முறைப்படி ஏற்று உறுதி செய்தால்தான் கல்யாணம். 24 பேரில் தாலி கட்டியது ஒரே ஒரு நாடு.

இந்தியா!

பெருமைப்பட்டுவிடாதீர்கள். அது பிரிட்டிஷ் இந்தியா. நம் சார்பில் கையெழுத்துப் போட்டவர் டெனிஸ் பிரே என்கிற ஆங்கிலேயர். வேடிக்கை என்னவென்றால், பிரிட்டன் தனக்கென்று கையெழுத்தே போடவில்லை. உள்ளூர்ச் சட்டத்தை மாற்ற வேண்டியிருக்கும் என்று நழுவிவிட்டது. இந்தியாவுக்கு மட்டும் அந்தத் தயக்கம் இல்லை. வங்கத்துப் புரட்சிக்காரர்களும் அவர்கள் கைக்கு வரும் துப்பாக்கிகளும் அரசின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

ஒப்பந்தம் பயங்கரவாதத்துக்குக் கொடுத்த விளக்கத்தைக் கவனியுங்கள். ‘ஓர் அரசுக்கு எதிராக, மக்கள் மனத்தில் பீதியை உண்டாக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் குற்றங்கள்.’ அரசுக்கு எதிராக! அந்த அரசு அந்நிய அரசாக இருந்தால்? அதற்கு அந்தக் காகிதத்தில் பதில் இல்லை. இந்தியா உறுதி செய்தது 1941 ஜனவரி 1. சுபாஷ் சந்திர போஸ் கல்கத்தா வீட்டுக் காவலிலிருந்து தப்பியது அதே ஜனவரியில். அந்த அரசின் அகராதியில் அவர் யார், நம் அகராதியில் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பாவெலிச் என்ன ஆனார்? அதே 1941 ஏப்ரலில் ஹிட்லரும் முசோலினியும் அவரைக் குரோஷியாவின் தலைவராகவே உட்கார வைத்தார்கள். செர்பியர்கள், யூதர்கள், ஜிப்சிகள் என்று லட்சக்கணக்கானவர்களை அவரது ஆட்சி கொன்றது. பிரான்ஸ் விதித்த மரண தண்டனை கடைசிவரை நிறைவேறவே இல்லை. 1959-ல் ஸ்பெயினில், மாட்ரிட் நகரில் செத்துப்போனார்.

ஒப்பந்தம் அமலுக்கே வரவில்லை. ஆனால் ‘ஒப்படை, இல்லாவிட்டால் விசாரி’ என்கிற விதி சாகவில்லை. விமானக் கடத்தலுக்கு எதிரான 1970 ஹேக் ஒப்பந்தத்தில் அதே விதி திரும்பி வந்தது. யார் பயங்கரவாதி என்ற வம்புக்கே அது போகவில்லை. விமானத்தைக் கடத்தினாயா, குற்றம். அவ்வளவுதான். அதனால்தான் உலகம் ஏற்றுக்கொண்டது.

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தம் வேண்டும் என்று 1996-ல் ஐ.நா.வில் கேட்டது சுதந்திர இந்தியா. விடுதலைப் போராட்டத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது, அரசுப் படைகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்ற இடத்தில் பேச்சு முட்டிக்கொண்டு நிற்கிறது. இன்றுவரை நகரவில்லை.

பிணத்தைப் பார்த்து எல்லா நாடும் அழத் தயார். கொன்றவன் தனக்கு வேண்டியவன் என்றால் மட்டும், அவனை ஒப்படைக்க ஒருவரும் தயாரில்லை. மார்சேயில் ஆரம்பித்த சிக்கல் இதுதான்.