கேள்வியும் மறுமொழியும்

தமிழில் 'கேள்வி' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. செவியால் கேட்டறிதல் ஒன்று, வினாவுதல் மற்றொன்று. ஒரு மொழியைப் பேசக் கற்பவனுக்கு இவ்விரண்டும் இன்றியமையாதவை. பிறர் பேசக் கேளாதவன் ஒலியை அறியான். பிறர் வினவ விடை கூறாதவன் உரையாடலை அறியான். ஆசிரியர் அருகில் இல்லாதபோது இவ்விரண்டையும் பெறுவது எங்ஙனம்? வீட்டிலிருந்தபடியே ஸ்பானிய மொழியைப் பேசக் கற்பிக்கும் இன்றைய இணையப் பாடங்கள், இவ்வினாவுக்கு விடை தேடிய நெடிய முயற்சியின் விளைவே ஆகும்.

1492ஆம் ஆண்டில் அந்தோனியோ தெ நெப்ரிஹா ஸ்பானியத்துக்கு இலக்கணம் வகுத்தார். ஐந்து பகுதிகளைக் கொண்ட அந்நூலின் இறுதிப் பகுதி, அம்மொழியைக் கற்க விழையும் வேற்றுமொழியாளருக்கென்றே எழுதப்பட்டது. ஆயினும் ஏட்டுக்கு வாயில்லை. ஸ்பானியத்தில் 'பெரோ' என்னும் சொல்லின் ரகரத்தை நாவால் ஒருமுறை தட்டி ஒலித்தால் 'ஆனால்' என்று பொருள். பலமுறை அதிர்த்து ஒலித்தால் 'நாய்' என்று பொருள். 'கரி', 'கறி' ஆகியவற்றின் வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்த முயன்ற தமிழாசிரியர், இதிலுள்ள இடர்ப்பாட்டை எளிதில் உணர்வர்.

அஞ்சல் வசதி பெருகிய 19ஆம் நூற்றாண்டில் புதியதொரு வழி பிறந்தது. 1856ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் துசேன், லாங்கென்ஷைட் என்னும் இருவர், தாமே பயில்வோருக்கான பிரெஞ்சு மொழிப் பாடங்களை மடல்களாக வெளியிட்டனர். சொற்களின் ஒலிப்பைத் தனிக் குறிகளால் விளக்கவும் முற்பட்டனர். எனினும் குறி வேறு, குரல் வேறு.

குரலைப் பதிவு செய்யும் கருவியை 1877இல் எடிசன் கண்டுபிடித்தார். 1901இல் லண்டனில் ஜாக் ரோஸ்டன் நிறுவிய லிங்குவாபோன், நூலோடு ஒலிப்பதிவையும் இணைத்து மொழிப் பாடங்களை உலகெங்கும் பரப்பியது. 1950களில் அமெரிக்க அயல்நாட்டுப் பணிக் கழகம், அரசுப் பணியாளர்க்காக ஸ்பானிய உரையாடல்களை ஒலிநாடாவில் அமைத்தது. அன்று அலுவலர்க்கென எழுந்த அப்பாடங்கள் இன்று இணையத்தில் எவர்க்கும் விலையின்றிக் கிடைக்கின்றன. 1992இல் அமெரிக்கத் தொலைக்காட்சி 52 பகுதிகள் கொண்ட 'டெஸ்டினோஸ்' என்னும் கதைத்தொடர் வழியாக ஸ்பானியம் கற்பித்தது.

இவையனைத்தும் மாணவனைக் கேட்கச் செய்தன; மாணவனின் குரலை அவற்றுள் எதுவும் கேட்கவில்லை. அவன் தவறாக ஒலித்தாலும் இசைத்தட்டு அடுத்த தொடருக்குச் சென்றது.

அக்குறையை நீக்கும் வாய்ப்பை இணையமே நல்கியது. குவாத்தமாலாவில் ஸ்பானியச் சூழலில் வளர்ந்த லூயிஸ் வான் ஆன், வறியோரும் மொழி கற்க வேண்டும் என்னும் நோக்குடன் செவரின் ஹேக்கருடன் இணைந்து உருவாக்கிய டுவோலிங்கோ 2012இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தொடக்கத்திலேயே அங்குக் கற்பிக்கப்பட்ட மொழிகளுள் ஸ்பானியமும் ஒன்று. அடிப்படைப் பாடங்களுக்குக் கட்டணமில்லை. மாணவன் பேசுவதைக் கேட்டுப் பொறி மதிப்பிடும் பயிற்சியும் அதில் உண்டு. 2023இல் செயற்கை நுண்ணறிவோடு உரையாடும் பயிற்சி, கட்டணம் செலுத்துவோர்க்கெனச் சேர்க்கப்பட்டது. கேள்வியின் இரண்டாம் பொருளையும் பொறி நிறைவேற்றத் தொடங்கிற்று.

அவ்வாறாயின் மனிதத் துணை இனி வேண்டாவோ? தமிழில் 'நீ', 'நீங்கள்' என இருப்பது போல ஸ்பானியத்தில் 'து', 'உஸ்தெத்' என்னும் சொற்கள் உள்ளன. அர்ஜென்டினாவிலோ 'து' என்பதன் இடத்தில் 'வோஸ்' வழங்குகிறது. விதியைப் பாடம் உரைக்கும். எதிரே நிற்பவரின் அகவையும் உறவும் உள்ளமும் அறிந்து தக்க சொல்லைத் தேர்தல் பழக்கத்தால் வருவது. தவறிய சொல்லால் எதிரிலிருப்பவர் முகம் வாடுவதைக் கண்டவன் அத்தவற்றை மறப்பதில்லை. பொறிக்கு வாடும் முகமில்லை.

இதனை உணர்ந்தோர் இணையத்தையே மனிதரை இணைக்கும் பாலமாக்கினர். 1990களில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றின் மாணவர்கள் மின்னஞ்சல் வழியே இணைந்து, ஒருவர் மொழியை மற்றவர்க்குக் கற்பித்தனர். ஸ்பானியம் தாய்மொழியானவர் ஆங்கிலம் பெற்றார். ஆங்கிலேயர் ஸ்பானியம் பெற்றார். இருவரும் மாணவர், இருவரும் ஆசிரியர். பின்னர் வந்த காணொளி உரையாடல் அவர்களை முகமுகமாக நோக்க வைத்தது.

ஐந்து நூற்றாண்டு வரலாறு காட்டும் உண்மை இதுவே: கருவிகள் கல்வியை எளியோர் இல்லத்திற்குக் கொணர்ந்தன, அது பெரும்பேறு. ஆயினும் மொழி நிறைவு பெறுவது, ஒருவர் வினவ மற்றொருவர் மறுமொழி கூறும் அவ்விடத்திலேதான். அவ்விடத்திற்கு மாணவனை அச்சமின்றி அழைத்துச் செல்வதே கருவியின் பணி. ஆசிரியரின் பணியும் அதுவே.