அரிசிச் சீட்டும் பஞ்சுப் பங்கும்

என் பெரிய மாமாவின் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் பத்திரிகைகளுக்கும் ஜாதகக் கட்டுக்கும் நடுவே, ஒரு கம்பெனியின் பங்குப் பத்திரம் கிடந்தது. கம்பெனி என்றைக்கோ மூழ்கிவிட்டது. ஆனாலும் மாமி அதைக் கிழித்தெறிய விடவில்லை. "காசு கொடுத்து வாங்கினதுடா!" என்பாள். ஒரு காகிதத்துக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது, பிறகு எங்கே போய்விடுகிறது என்ற கேள்வி அன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்டது. கணக்கு எனக்கு வேப்பங்காய். ஆகவே சரித்திரத்தின் வழியாகப் போய்ப் பார்த்தேன்.

ஜப்பானில் அக்காலத்தில் சாமுராய்களுக்குச் சம்பளம் அரிசிதான். பிரபுக்கள் தங்கள் அரிசியை ஓஸாகா கிடங்குகளில் இறக்கி விற்பார்கள். வாங்கியவன் கைக்கு வருவது ஒரு சீட்டு. நாளடைவில் சீட்டே சரக்காகிவிட்டது. அப்புறம் சீட்டும் வேண்டாம், பேரேட்டில் எழுதினால் போதும் என்றாயிற்று! கிடங்கில் இல்லாத அரிசியை, கையில் இல்லாத பணத்தால் வாங்கினார்கள். அரிசி விலை சரிந்து சாமுராய்கள் திண்டாடவே, 1730-ல் ஷோகுன் அரசாங்கமே தோஜிமா அரிசிச் சந்தைக்கு அனுமதி கொடுத்தது. அங்கே ஒரு திரியைக் கொளுத்தி வைப்பார்களாம். அது அணைந்தால் வியாபாரம் முடிந்தது. அதற்குப் பிறகும் கலையாத தரகர்கள் மேல் தண்ணீரை வாரி இறைப்பார்களாம். 

பம்பாயில் 1850-களில் தரகர்கள் டவுன் ஹாலுக்கு எதிரே ஆலமரத்தடியில்தான் கூடினார்கள். 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. அந்த நாட்டுப் பஞ்சு நின்றுபோகவே, லங்காஷயர் ஆலைகள் நம் பஞ்சைத் தேடின. பம்பாயில் பணம் வெள்ளமாய்ப் புரண்டது. கடலைத் தூர்த்து நிலமாக்கக் கம்பெனி, பாங்கு வைக்கக் கம்பெனி என்று தினம் ஒன்று முளைத்தது. பிரேம்சந்த் ராய்சந்த் கை நீட்டிய பங்கெல்லாம் ஏறியது. பாங்க் ஆப் பாம்பே பங்குகளின் ஈட்டின் பேரிலேயே கடனை அள்ளிக் கொடுத்தது. 1865-ல் யுத்தம் ஓய்ந்தது. 2,850 ரூபாய் வரை போன அந்தப் பாங்கின் பங்கு 87 ரூபாய்க்கு வந்தது. 1868-ல் பாங்கே மூடப்பட்டது. பிரேம்சந்த் தாயார் பெயரால் பணம் கொடுத்த ராஜாபாய் மணிக்கூண்டு மட்டும் இன்றும் மணி சொல்கிறது.

அந்தச் சூட்டுக்குப் பிறகு, 1875-ல் பம்பாய்த் தரகர்கள் சங்கம் அமைத்தார்கள். டோக்கியோவில் பங்குச் சந்தை ஏற்பட்டது 1878-ல். வித்தியாசம் மூன்றே வருஷம்.

பாதை பிரிந்தது யுத்தத்துக்குப் பிறகுதான். ஜப்பானில் பெரும் முதலாளிக் குடும்பங்களின் பங்குகளைப் பிடுங்கி ஜனங்களுக்கு விற்றார்கள். இங்கே 1947-ல் சட்டம் வந்தது. புதுப் பங்கை என்ன விலைக்கு விற்பது என்று டில்லியில் ஓர் அதிகாரி முடிவு செய்தார். அந்நியக் கம்பெனிகளை ஒடுக்கிய 1973-ஆம் வருஷச் சட்டம் வந்த பிறகுதான் நம் நடுத்தரக் குடும்பங்களுக்குள் பங்குப் பத்திரம் தாராளமாக நுழைந்தது. இரண்டு இடத்திலும் சர்க்கார் தள்ளித்தான் வாசற்கதவு திறந்தது!

ஜப்பானியரைக் கெட்டிக்காரர்கள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். ஆனால் 1980-களில் டோக்கியோ பாங்குகள், ஏறிக்கொண்டே போன நிலத்தையும் பங்கையும் நம்பிக் கடன் கொடுத்தன. பம்பாயின் பழைய தப்பேதான். 1989 டிசம்பரில் 38,915-ஐத் தொட்ட குறியீட்டெண் மறுபடி அந்த உயரத்தை எட்டியது 2024 பிப்ரவரியில். வாலிபத்தில் வாங்கியவர் கிழவராகிவிட்டார்.

இங்கே 1992-ல் பாங்குப் பணத்தை வைத்து நடந்த மோசடி வெளிப்பட்டது. அதே வருஷம் செபிக்குச் சட்ட பலம் வந்தது; 1994-ல் தேசியப் பங்குச் சந்தையில் கூச்சலுக்குப் பதில் கம்ப்யூட்டர் திரை. 1996-லிருந்து காகிதப் பத்திரமே கணக்குப் பதிவாக மாறத் தொடங்கியது. ஜப்பான் இதை முடித்தது 2009-ல்.

மாமியிடம் இதைச் சொன்னேன். "காகிதமும் இல்லையென்றால், ஏமாந்தவன் பெட்டியில் எதை வைத்துக்கொள்வான்?" என்று கேட்டாள்.