பந்தரும் மண்டபமும்

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்வோர், தீவினுட் புகுமுன் பெருநிலத்தின் இறுதியில் காணும் ஊரின் பெயர் மண்டபம். 1914இல் பாம்பன் இருப்புப்பாதைப் பாலம் திறக்கப்படும்வரை, சேது யாத்திரையினர் இக்கடலைத் தோணியிற் கடந்தனர். தங்கி இளைப்பாறும் இடத்தைக் குறித்த பொதுச்சொல் ஒன்று இங்கு ஊர்ப்பெயராகவே நின்றுவிட்டது. இதனோடு பொருளால் நெருங்கிய பழந்தமிழ்ச் சொல் பந்தர் என்பதாகும். இவ்விரண்டன் பொருளையும் பிறப்பையும் ஈண்டு ஆராய்வாம்.

பந்தர் என்பது கொடி படர்தற்கும் நிழல் தருதற்கும் கால் நட்டு அமைப்பது. முல்லைப் பந்தரும் அவரைப் பந்தரும் தோட்டத்துக்கு உரியன. மணப்பந்தரும் தண்ணீர்ப் பந்தரும் மக்கட்கு உரியன. அகநானூற்றின் 86ஆம் பாட்டு, வரிசையாகக் கால் நட்டு மணல் பரப்பிய மணப்பந்தரைக் காட்டுகின்றது. பிற்காலத்தில் பெருவழக்குற்ற பந்தல் என்பது, குடர் குடல் என்றும் சாம்பர் சாம்பல் என்றும் வருதல் போன்ற கடைப்போலியே.

இச்சொல்லைக் கட்டுதற்பொருள் தரும் வடமொழிப் 'பந்த்' என்னும் வேரினின்று பிறந்தது எனவும், துறைமுகத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லோடு இயைந்தது எனவும் கூறத் தோன்றும். அவ்விரு சொற்களும் பலுக்கலில் ஒலிப்புடைய பகரத்தை முதலாகக் கொண்டவை. தமிழ் எழுத்தில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் வேற்றுமை இன்மையின், தமிழை மட்டும் நோக்கி முடிவு காணல் இயலாது. ஆயின் தெலுங்கும் கன்னடமும் அவ்வேற்றுமையை எழுத்திற் காட்டுவன. தெலுங்கில் இது பந்திரி என வல்லொலிப் பகரத்தோடு வழங்கும். கன்னடத்தில் ஹந்தர என வழங்கும். பழங்கன்னடத்து வல்லொலிப் பகரமே பின்னர் ஹகரமாகத் திரிந்தது. மெல்லொலிப் பகரம் அங்ஙனம் திரிவதில்லை. ஆகவே பந்தர் திராவிட மொழிகட்குப் பொதுவாகிய பழஞ்சொல் எனக் கோடலே பொருந்தும். பதிற்றுப்பத்தில் கொடுமணத்தோடு சேர்த்துப் பேசப்படும், முத்துக்குப் பெயர்பெற்ற பந்தர் என்னும் ஊரின் பெயர்க்காரணம் தனியே ஆராயத்தக்கது. ஒலியொப்புமை ஒன்றே கொண்டு அதனையும் இதனையும் ஒன்றாக்குதல் முறையன்று.

மண்டபம் என்பதோ வடமொழி வழக்கினின்று வந்தது. சாகுந்தலத்தில் காதலர் கூடும் இடம் கொடிமண்டபமாதலின், ஆண்டும் அச்சொல் தோட்டத்து நிழலைக் குறித்தமை தெளிவு. சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையில் இரு சொற்களும் அருகருகே நிற்கின்றன: சோழன் வச்சிர நாட்டரசன்பால் கொற்றப் பந்தரையும், மகத வேந்தன்பால் பட்டிமண்டபத்தையும் பெற்றான் என்பது அக்காதை.

பின்னர்த் தமிழ்வழக்கு இவற்றைப் பகுத்துக்கொண்டது. கல்லால் நிலைபெற்றது மண்டபம். விழா முடிந்தவுடன் பிரிக்கப்படுவது பந்தல். இராமநாதசுவாமி கோயிலின் நந்தி மண்டபமும் சுக்கிரவார மண்டபமும் முன்னதற்குச் சான்று. நிலைத்த கட்டடத்தின் பெயர் ஊர்ப்பெயராயிற்று. நிலையாப் பந்தலின் பெயரோ ஆங்கிலத்திற் புகுந்து, வங்கத்துத் துர்க்கை விழாவரை பரவிற்று. ஒரு சொல்லின் பிறப்பிடத்தைத் துணியுமுன் அதன் உடன்பிறந்த மொழிகளை வினவுதல் வேண்டும் என்பதனைப் பந்தர் நமக்கு உணர்த்துகின்றது.