நிலைக் கம்பியில்லா இணையம்

நிலைக் கம்பியில்லா இணையம் என்பது, தொலைபேசிக் கம்பியோ ஒளியிழையோ சென்று சேராத வீட்டுக்கு, அருகிலுள்ள கோபுரத்திலிருந்து வானலைகள் வழியாக இணைய இணைப்பு வழங்கும் முறையாகும். கைப்பேசியைப் போலன்றி இதில் பயனர் கருவி இடம்பெயர்வதில்லை. கூரையிலோ கம்பத்திலோ பொருத்தப்படும் ஆன்டெனா கோபுரத்தை நோக்கியே நிலைத்து நிற்பதால், தொலைவிலும் போதிய அலைவலிமை கிடைக்கிறது.

இந்தியக் கிராமங்களில் இம்முறையின் குறிப்பிடத்தக்க முன்னோடி கார்டெக்ட் ஆகும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் தலைமையில் இயங்கிய டெநெட் குழு, மைடாஸ், அனலாக் டிவைசஸ் ஆகிய நிறுவனங்களுடன் இணைந்து 1990களில் உருவாக்கிய இத்தொழில்நுட்பம், நொடிக்கு 35 கிலோபிட் இணையத்தைத் தொலைபேசி உரையாடலுடன் ஒரே நேரத்திலும், உரையாடல் இல்லாதபோது 70 கிலோபிட் வரையிலும் அளித்தது. இடையில் மறைப்பில்லாத நேர்பாதை இருந்தால் அதன் எல்லை சுமார் 10 கிலோமீட்டர். அலைகளை வாங்கி மீண்டும் அனுப்பும் இடைநிலையம் சேர்ந்தால் 25 கிலோமீட்டர் வரை நீண்டது. 2001இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் தொடங்கிய சாரி திட்டம் இதைக் கொண்டே பல ஊர்களில் இணைய மையங்களை அமைத்தது. அரசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் வசதியும் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆலோசனையும் ஊரைவிட்டுப் போகாமலே கிடைத்தது, தாலுகா அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்த கூலித் தொழிலாளிக்கு ஒரு நாள் வருமானத்தை மீட்டுத் தந்த பெரும் பயனாகும்.

குன்றுகளும் அடர்ந்த தோப்புகளும் அலைகளைத் தடுப்பதும், ஒரு கோபுரத்தின் கொள்ளளவைப் பலர் பகிர்வதால் மாலைநேர வேகம் குறைவதும் இம்முறையின் குறைகள். 2023 முதல் ஜியோ, ஏர்டெல் நிறுவனங்கள் 5ஜி அலைவரிசையில் இவ்வகை வீட்டு இணைப்புகளை வழங்குகின்றன.